தோலை இறுக்கும் க்ரீம்: ஆக்டிவை அப்புறம் பாருங்கள், பேஸை முதலில் செய்யுங்கள்

சோப்பும் தலைமுடி எண்ணெயும் செய்து விற்கும் ஒருவர், அடுத்ததாக நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு முக க்ரீம் கொண்டுவர நினைக்கிறார். அவர் கேட்டது மூன்று விஷயம். தோலை இறுக்க என்ன ஆக்டிவ் (பலன் தரும் மூலப்பொருள்) போட வேண்டும், எத்தனை சதவீதம்? பிசுபிசுப்பு இல்லாமல், தடவும்போதே நன்றாக இருக்க என்ன செய்வது? கழுத்துக்குத் தனி க்ரீம் வேண்டுமா? ஃபார்முலேஷன் வேலையிலேயே இருப்பவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் இரண்டு கேள்விகளின் வரிசையை மாற்றிப் போடுங்கள். முதலில் பேஸ், அதாவது ஆக்டிவைத் தாங்கும் அடிப்படை க்ரீம். ஆக்டிவ் எதுவும் சேர்க்காத வெறும் பேஸை நாலு பேரிடம் கொடுங்கள். தீர்ந்துபோனதும் அவர்களாகவே இன்னொரு டப்பா கேட்கும் வரை ஒரு கிராம் பெப்டைடுகூட (புரதத்தின் சிறு துண்டு, ஆக்டிவ்களில் ஒரு வகை) வாங்க வேண்டாம். தோல் உறுதியாவதை அளந்து காட்டிய ஆய்வுகளில் பெரும்பாலும் 12 வாரக் கணக்குதான் வரும். காலை ஒரு முறை, இரவு ஒரு முறை என்றால் மொத்தம் 168 தடவை. இருபதாவது தடவையிலேயே "முகமெல்லாம் நசநசன்னு இருக்கு" என்று டப்பாவை அலமாரியில் ஒதுக்கிவிட்டால் உள்ளே என்ன இருந்தும் பயனில்லை. தடவ இதமாக இருப்பதும் டோஸின் ஒரு பகுதி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, இறுக்கம் என்பது என்ன? வாடிக்கையாளர் இந்த ஒரே சொல்லில் மூன்று வேறு விஷயங்களைச் சொல்கிறார். மூன்றுக்கும் வேறு வேறு பொருள் வேண்டும், வேறு வேறு காலம் ஆகும்.

ஒன்று, தடவிய ஐந்து பத்து நிமிடத்தில் வரும் இறுக்கம். முகத்தில் முட்டை வெள்ளைக்கரு பூசிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். புரதம் காயும்போது மெல்லிய படலமாகச் சுருங்கி, அடியில் இருக்கும் தோலையும் சேர்த்து இழுக்கிறது. கழுவினால் போய்விடும். தொழிலில் இதே வேலையைச் செய்ய புல்லுலான், அக்கேசியா பிசின், நீராற்பகுத்த கோதுமைப் புரதம் எல்லாம் இருக்கின்றன. கண்ணடிப் பையை நிமிடத்தில் மறைப்பதாகக் காட்டும் வீடியோக்களில் வருவது பெரும்பாலும் சோடியம் சிலிகேட். கொஞ்சம் சிரித்தாலே அது வெள்ளையாக வெடித்துத் தெரியும். முக க்ரீமுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

இரண்டு, நீர். தோலின் மேலடுக்கு வறண்டால் மெல்லிய கோடுகள் விழும். கிளிசரின், ஹையலூரோனேட், அப்புறம் நீர் வெளியேறாமல் காக்கும் எண்ணெய்கள் சேர்ந்தால் சில மணி நேரத்தில் அந்தக் கோடுகள் நிரம்பித் தோல் செழிப்பாகத் தெரியும். க்ரீம் போட்ட முதல் வாரத்தில் "நல்ல மாற்றம் தெரியுது" என்று வரும் சேதிகளில் முக்கால்வாசி இந்த வகைதான். இதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அந்தப் பலனை பெப்டைடின் கணக்கில் எழுதக் கூடாது.

மூன்று, அடித்தோலில் நடக்கும் மாற்றம். தோலைத் தாங்கி நிற்பது கொலாஜன் இழைகள். இழுத்தால் திரும்பி வரச் செய்வது எலாஸ்டின். இரண்டையும் உண்டாக்குபவை ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள். வயது வந்தபின் ஆண்டுக்குச் சுமார் 1% என்ற அளவில் கொலாஜன் குறைந்துகொண்டே போகிறது. மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில் இந்த இழப்பு வேகமெடுக்கும். இவற்றுக்கு மேல் வெயில். புற ஊதாக் கதிர், கொலாஜனை வெட்டும் நொதிகளைத் தூண்டிவிடுகிறது. அதனால் உங்கள் க்ரீமோடு சன்ஸ்கிரீனும் போடச் சொல்லியே ஆக வேண்டும். அதைச் சொல்லாமல் இறுக்கும் க்ரீம் விற்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இந்த மூன்றாவது வகைக்கு எவை உண்மையாகவே உதவும்?

கொலாஜனையே க்ரீமில் போட்டால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். 2000-ல் போஸ், மைனார்டி என்ற இருவர் எழுதிய கட்டுரையிலிருந்து தொழிலில் பரவிய விதி ஒன்று உண்டு: 500 டால்டனுக்கு (டால்டன் என்பது மூலக்கூறின் எடை அளவு) மேற்பட்ட மூலக்கூறு நல்ல தோலின் மேலடுக்கைத் தாண்டி உள்ளே போவது கடினம். முழுக் கொலாஜன் சுமார் 3,00,000 டால்டன். அது மேலேயே இருந்து ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், மெத்தென்ற உணர்வைத் தரும். அந்த வேலைக்காகப் போடுவதில் தவறில்லை. கொலாஜனை நிரப்பும் என்று எழுதினால்தான் தவறு.

ஆதாரம் கனமாக இருப்பது வைட்டமின் ஏ குடும்பமான ரெட்டினாய்டுகளுக்கு. வெயிலால் முதிர்ந்த தோலில் டிரெட்டினோயின் தரும் மாற்றத்தைப் பற்றி ஆல்பர்ட் கிளிக்மனும் உடன் இருந்தவர்களும் 1986-ல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்தத் துறையே வேறு பாதைக்குத் திரும்பியது. ஆனால் டிரெட்டினோயின் நம் நாட்டில் மருத்துவர் சீட்டில் மட்டும் தர வேண்டிய மருந்து. அழகுப் பொருளில் அதைத் தொடவே கூடாது. அதன் தங்கையான ரெட்டினால் தோலுக்குள் போய் இரண்டு படியில் அதே டிரெட்டினோயினாக மாறுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் முகப் பொருள்களில் ரெட்டினாலுக்கு 0.3% என்று வரம்பு போட்டிருக்கிறது. இருந்தாலும் உங்கள் முதல் க்ரீமில் ரெட்டினால் வேண்டாம் என்பேன். காற்று, வெளிச்சம், வெப்பம் மூன்றும் அதற்கு ஆகாது. அலுமினிய ட்யூபோ காற்று புகாத பம்ப்போ இல்லாமல், ஏசி இல்லாத கிடங்கில் மே மாதம் வைத்தால் லேபிளில் இருக்கும் சதவீதம் டப்பாவுக்குள் இருக்காது. முதல் வாரங்களில் தோல் உரியும், எரியும். கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். தொடக்கத்திலேயே இத்தனையையும் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

நியாசினமைடு உங்களுக்குச் சரியான இடம். 5% நியாசினமைடை முகத்தின் ஒரு பாதியிலும், அது இல்லாத அதே க்ரீமை மறு பாதியிலும் 12 வாரம் போட்டுப் பார்த்த ஆய்வு 2005-ல் வந்தது. அதில் சுருக்கம், நிறத்திட்டுகளோடு தோலின் மீள்தன்மையும் அளக்கப்பட்டு, முன்னேற்றம் தெரிந்தது. விலை குறைவு, நீரில் கரையும், வெப்பம் தாங்கும். பிஎச் 5-க்கும் 7-க்கும் நடுவில் இருந்தால் போதும். மிகவும் அமிலமாகவோ காரமாகவோ போனால் கொஞ்சம் கொஞ்சமாக நிகோடினிக் அமிலமாக உடைந்து முகம் சிவக்கும்.

பெப்டைடுகளில் நீண்ட நாள் பழகியது பால்மிட்டாயில் பென்டாபெப்டைடு-4. கொலாஜன் உடையும்போது வரும் துண்டைப் போலிருந்து, "இங்கே பழுது இருக்கிறது, புதிதாகக் கட்டு" என்று செல்லுக்குச் சேதி சொல்வதாக அதன் கருத்து. 2005-ல் வெளியான 12 வார ஆய்வில் பயன்பட்ட அளவு பத்து லட்சத்தில் 3 பங்கு, அவ்வளவுதான். விற்பனைக்கு வரும் கரைசலில் பெப்டைடு பத்து லட்சத்தில் சுமார் 100 பங்கு இருக்கும். ஆகவே அந்தக் கரைசலை 3% போட்டால் ஆய்வின் அளவு வந்துவிடும். "10% பெப்டைடு" என்று யாராவது விற்றால் அது கரைசலின் சதவீதமா, பெப்டைடின் சதவீதமா என்று கேளுங்கள். பலன் பெரிதாக இருக்காது. மெல்லிய, மெதுவான முன்னேற்றம். எரிச்சல் இல்லை என்பதுதான் இதன் பெரிய லாபம்.

பாகுச்சியால் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் வீட்டுப் பொருளின் பிள்ளை. நலங்கு மாவில் போடும் கார்போக அரிசியிலிருந்துதான் அதைப் பிரித்தெடுக்கிறார்கள். 44 பேரிடம் 0.5% பாகுச்சியாலையும் 0.5% ரெட்டினாலையும் 12 வாரம் ஒப்பிட்ட ஆய்வில் இரண்டும் சுருக்கத்தையும் கருமையையும் ஏறக்குறைய ஒரே அளவு குறைத்தன. ரெட்டினால் போட்டவர்களுக்குத் தோல் உரிதலும் எரிச்சலும் அதிகம். இதைப் படித்துவிட்டு கார்போக அரிசியை அரைத்தோ எண்ணெயில் ஊறவைத்தோ க்ரீமில் போடலாம் என்று பலருக்குத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். அந்த விதையில் சோராலன் வகைப் பொருள்கள் இருக்கின்றன. அவை தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கொப்புளமும் கருமையும் வரலாம். வெண்புள்ளிக்கு அந்த விதையைப் பயன்படுத்தியதே இந்தக் குணத்தை நம்பித்தான். தேய்த்துக் கழுவிவிடும் குளியல் பொடி வேறு, நாள் முழுக்க முகத்தில் இருக்கும் க்ரீம் வேறு. சோராலன் நீக்கிய, தூய்மைச் சான்றிதழோடு வரும் பாகுச்சியாலை மட்டும் வாங்குங்கள்.

வைட்டமின் சி? எல்-அஸ்கார்பிக் அமிலம் தோலுக்குள் போக பிஎச் 3.5-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று ட்யூக் பல்கலைக்கழகத்தில் பின்னெல் குழு 2001-ல் காட்டியது. அது தனி சீரமாக வர வேண்டிய பொருள். இந்த க்ரீமுக்குள் திணிக்க வேண்டாம்.

இனி பேஸுக்கு வருவோம். எனக்கு உயிரான பகுதி இதுதான்.

ஒரு க்ரீமைத் தடவும்போது விரல் கவனிப்பதைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பாருங்கள். டப்பாவிலிருந்து எடுக்கும்போது நூல் விடுகிறதா, சட்டென்று அறுந்து நிற்கிறதா? முதல் மூன்று தேய்ப்பில் குளிர்ச்சி இருக்கிறதா, வெள்ளையாகப் படர்கிறதா? நடுவில் விரல் வழுக்குகிறதா, தோலைப் பிடித்து இழுக்கிறதா? உள்ளே போகும் தருணத்தில் ஒட்டுகிறதா? இருபது நிமிடம் கழித்துப் புறங்கையால் கன்னத்தைத் தொட்டால் என்ன தெரிகிறது? ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லும் பொருள் ஃபார்முலாவில் வேறு வேறு. "கொஞ்சம் பிசுபிசுப்பு" என்று சொல்பவரிடம் எப்போது என்று கேட்டீர்களானால், எந்தப் பொருளைக் குறைக்க வேண்டும் என்று உடனே தெரிந்துவிடும்.

நூல் விடுவது பெரும்பாலும் சாந்தன் பிசின். 0.5%-ஐத் தாண்டினால் கொழகொழவென்று ஆகிவிடும். 0.2% போதும். அக்ரிலேட் வகை கெட்டிப்பான் போட்டால் தோலிலுள்ள உப்பு பட்டதும் ஜெல் உடைந்து நீர் பரவுவது போல ஜில்லென்று இருக்கும், கோடைக்கு அருமை. ஆனால் உப்பு அதற்கு எதிரி. சோடியம் லாக்டேட், கற்றாழைச் சாறு, சோடியம் அஸ்கார்பில் பாஸ்பேட் என்று ஏதாவது சேர்த்தால் டப்பாவுக்குள்ளேயே நீர்த்துப்போகும்.

தேய்க்கும்போது சோப்பு நுரை மாதிரி வெள்ளை படர்ந்தால் எமல்சிஃபையரும் (நீரையும் எண்ணெயையும் சேர்த்துப் பிடிப்பது) கொழுப்பு ஆல்கஹாலும் (க்ரீமைக் கெட்டியாக்குவது) கூடிப்போய்விட்டன என்று பொருள். செட்டில் ஆல்கஹாலைக் குறைத்துவிட்டு டைமெதிகோன் 1% சேர்த்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். சிலிகான் என்றாலே பயப்படும் வாடிக்கையாளர் இருக்கிறார்கள். டைமெதிகோன் தோலுக்குக் கெடுதல் செய்யாது, நான் தயங்காமல் போடுவேன். ஆவியாகும் சிலிகானான டி5-தான் வேறு கதை. சுற்றுச்சூழல் காரணமாக ஐரோப்பாவில் கழுவாத பொருள்களிலும் அதற்கு 2027-ல் 0.1% வரம்பு வருகிறது. புதிதாகத் தொடங்கும் நீங்கள் அதை நம்பி ஒரு பேஸ் கட்ட வேண்டாம்.

எண்ணெய்கள்தான் உண்மையான விளையாட்டு. வேகமாகப் பரவி மறையும் இலகு எண்ணெய், நடுத்தரம், மெதுவாக நகரும் கனமான எண்ணெய் என்று மூன்று வகை உண்டு. ஐசோஅமைல் லாரேட், கோகோ-கேப்ரிலேட் எல்லாம் முதல் வகை. கேப்ரிலிக்/கேப்ரிக் ட்ரைகிளிசரைடு நடுத்தரம். ஷியா வெண்ணெய், ஆமணக்கெண்ணெய் கடைசி வகை. இலகு எண்ணெயை மட்டும் போட்டால் ஐந்து நொடியில் மறைந்து, பாதித் தேய்ப்பில் விரல் தோலைப் பிடித்து இழுக்கும். கனமானதை மட்டும் போட்டால் மதியம் வரை முகம் மினுங்கும். மூன்றையும் கலந்தால் ஒன்று மறையும்போது அடுத்தது அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். விரலுக்கு எங்கும் தடங்கல் தெரியாது. கச்சேரியில் பாட்டு, வயலின் என்று கைமாறினாலும் ராகம் அறுபடாமல் போவதைப் போல. நம் வெப்பத்துக்கு இலகு எண்ணெயும் நடுத்தரமும் பெரும்பங்கு இருக்கட்டும். கனமானதை 1% அளவில் வையுங்கள், அல்லது ஸ்குவாலேனை வைத்தே அந்த வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு உடலியல் காரணமும் இருக்கிறது. முகத்திலும் முன்கையிலும் மென்மையான வருடலுக்கென்றே சில நரம்பிழைகள் இருக்கின்றன. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில், உடல் சூட்டில் இருக்கும் கை வருடும்போதுதான் அவை நன்றாகக் கிளர்கின்றன. அந்த வேகத்தைத்தான் மனிதர்கள் இதம் என்று சொல்கிறார்கள். ஆகவே மெதுவாக வருட அரை நிமிடமாவது இடம் கொடுக்கும் வழுவழுப்பு வேண்டும். "சட்டுனு உள்ளே போயிடணும்" என்று கேட்கும் வாடிக்கையாளருக்கும் கடைசியில் ஒட்டாமல் இருந்தால் போதும். வழுக்கும் நேரத்தைக் குறைத்துவிடாதீர்கள்.

கிளிசரின் 5%-க்கு மேல் போனால் சென்னை, தூத்துக்குடி மாதிரி ஈரக் காற்றுள்ள ஊரில் ஒட்டும். பாதியை, அதே போல ஈரம் காக்கும் ப்ரொபேன்டையால் கொண்டு மாற்றுங்கள். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியில் உருகுவது. மதுரையில் திரவம், ஊட்டியில் கட்டி. அதை நம்பிய க்ரீம் ஊருக்கு ஊர் வேறு மாதிரி இருக்கும். ஷியாவில் இன்னொரு தொல்லை: லாரி வெப்பத்தில் உருகி மெதுவாக ஆறும்போது மணி மணியாகத் திரளும். கெட்டுப்போகவில்லை, ஆனால் விரலில் நெருடினால் வாங்கியவர் அப்படித்தான் நினைப்பார்.

வாசனையைக் குறைவாக வையுங்கள். எலுமிச்சைத் தோல் எண்ணெய் மாதிரி வெயிலோடு ஒத்துப்போகாதவற்றை முகத்துக்குப் போடாதீர்கள். வாசனையே இல்லாத க்ரீம் என்றால், போடும் எண்ணெய்கள் நன்றாகச் சுத்திகரித்தவையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது மாதத்திலேயே சிக்கு வாடை எட்டிப்பார்க்கும்.

இப்போது உங்கள் கேள்வியின் முடிச்சான இடம். உடனடி இறுக்கம் தரும் படலமும், தடவ இதமாக இருப்பதும் ஒன்றுக்கொன்று பகை. படலம் கெட்டியானால் முகம் காய்ந்த மாதிரி இருக்கும். மேலே சன்ஸ்கிரீனோ பவுடரோ தேய்த்தால் அழுக்கு உருள்வது போலத் திரிதிரியாக வரும். பெண்கள் ஒரு க்ரீமை ஒரேயடியாகக் கைவிட இந்தத் திரிதல் ஒன்றே போதும். புல்லுலானை 3, 4% போட்டால் கண்ணாடியில் இறுக்கம் நன்றாகத் தெரியும், ஆனால் திரியும். 1% போட்டால் மெல்லிய இறுக்கம் தெரியும், திரியாது. நான் 1% பக்கம்தான் நிற்பேன். படலம் உடையாமல் வளைந்து கொடுக்க அதோடு கிளிசரினோ ப்ரொபேன்டையாலோ இருக்க வேண்டும். திரிதலைச் சோதிக்க க்ரீமை மட்டும் தடவிப் பார்த்தால் போதாது. ஐந்து நிமிடம் கழித்து, கடையில் அதிகம் போகும் இரண்டு மூன்று சன்ஸ்கிரீன்களை அதன் மேல் தேய்த்துப் பாருங்கள்.

தொடக்கத்துக்கு 100 கிராம் கணக்கில் ஒரு ஃபார்முலா தருகிறேன். நீர்ப் பகுதியில் காய்ச்சி வடித்த நீர் 67.8, டைசோடியம் இடிடிஏ 0.1, கிளிசரின் 3, ப்ரொபேன்டையால் 3, நியாசினமைடு 4, புல்லுலான் 1, சாந்தன் 0.2, சோடியம் ஹையலூரோனேட் 0.1. எண்ணெய்ப் பகுதியில் செட்டியரில் ஆலிவேட்டும் சோர்பிட்டான் ஆலிவேட்டும் கலந்த எமல்சிஃபையர் 3, செட்டில் ஆல்கஹால் 1, ஐசோஅமைல் லாரேட் 4, கேப்ரிலிக்/கேப்ரிக் ட்ரைகிளிசரைடு 3, ஸ்குவாலேன் 4, டைமெதிகோன் 1, பாகுச்சியால் 0.5, வைட்டமின் ஈ 0.3. ஆறிய பின் பெப்டைடு கரைசல் 3, பீனாக்சிஎத்தனாலும் எத்தில்ஹெக்சில்கிளிசரினும் சேர்ந்த, கெடாமல் காக்கும் பதப்பொருள் 1.

சாந்தனையும் ஹையலூரோனேட்டையும் நேரே நீரில் தூவினால் கட்டி கட்டும். முதலில் கிளிசரினிலும் ப்ரொபேன்டையாலிலும் குழைத்துவிட்டு அப்புறம் நீரில் விடுங்கள். இரண்டு பகுதியையும் 75 டிகிரிக்குக் கொண்டுவந்து, எண்ணெயை நீரில் ஊற்றி ஹோமோஜனைசரில் இரண்டு மூன்று நிமிடம். பிறகு வேகத்தைக் குறைத்து, காற்று உள்ளே போகாமல் கிளறிக்கொண்டே ஆறவிடுங்கள். இந்த எமல்சிஃபையர் ஆற ஆறத்தான் கெட்டிப்படும், அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் கெட்டியாகும். சூட்டில் நீர்த்திருக்கிறதே என்று பயந்து மெழுகு சேர்த்துவிடாதீர்கள். 40 டிகிரிக்குக் கீழே வந்ததும் பெப்டைடும் பதப்பொருளும். பிஎச் 5.5-ல் நிறுத்துங்கள், தேவைப்பட்டால் லாக்டிக் அமிலக் கரைசல் ஒன்றிரண்டு சொட்டு. பேஸை மட்டும் முதலில் செய்யும்போது நியாசினமைடு, பெப்டைடு, பாகுச்சியால், புல்லுலான் நான்கையும் விட்டுவிட்டு அந்த எடைக்கு நீரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

தடவிப் பார்ப்பதற்கும் ஒரு முறை வேண்டும். முன்கையின் உட்புறத்தில் மூடியை அழுத்தி ஒரு வட்டம் வரைந்துகொள்ளுங்கள். ஊசி இல்லாத சிறிய சிரிஞ்சில் ஒவ்வொரு மாதிரியையும் ஒரே அளவு வையுங்கள். ஒரே விரல், ஒரே வேகம், சுற்றுகளை எண்ணிக்கொண்டே தேயுங்கள். எத்தனாவது சுற்றில் வெள்ளை மறைகிறது, எத்தனாவதில் விரல் பிடிக்கத் தொடங்குகிறது என்று குறியுங்கள். ஒட்டுதலைப் பார்க்க ஒரு சிறு டிஷ்யூத் துண்டை வைத்து கையைக் கவிழ்த்தாலே தெரிந்துவிடும். ஏசி அறையில் மட்டும் செய்யாதீர்கள். வேர்க்கும் அறையிலும் செய்யுங்கள். மாதிரிக்குப் பெயர் எழுதாமல் எண் மட்டும் இருக்கட்டும்.

பலனைச் சோதிக்க, ஆக்டிவ் உள்ளதை ஒரு கன்னத்திலும் ஆக்டிவ் இல்லாத அதே பேஸை மறு கன்னத்திலும் 12 வாரம் போடச் செய்வதுதான் நேர்மையான வழி. இரண்டு கன்னமும் ஒன்றுபோலவே மேம்பட்டால் உங்கள் பேஸ் நல்லது, ஆக்டிவுக்குக் கொடுத்த பணம் வீண் என்று தெரிந்துகொள்ளலாம். படம் எடுத்தால் ஒரே வெளிச்சம், ஒரே நேரம், சிரிக்காத முகம். பரிசோதனைக்கூடத்துக்குக் கொடுக்க வசதி இருந்தால் கியூட்டோமீட்டர் அளவை கேளுங்கள். சிறிய துவாரத்தில் தோலை உறிஞ்சி, எவ்வளவு எழும்புகிறது, விட்டதும் எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கும் கருவி அது. ஈரம் ஏறிய தோல் இன்னும் இளகி வளையும், அதனால் க்ரீம் போட்ட கையோடு எடுக்கும் அளவை நம்ப முடியாது. கடைசியாகத் தடவி பன்னிரண்டு மணி நேரமாவது ஆன பிறகு அளக்கச் சொல்லுங்கள்.

பதப்பொருளில் சிக்கனம் பார்க்காதீர்கள். நீர் இருக்கும் எந்த க்ரீமிலும் கிருமி வளரும், கண்ணுக்குத் தெரியாமலேயே வளரும். ஐஎஸ்ஓ 11930 என்ற சோதனையில் பாக்டீரியாவையும் பூஞ்சையையும் வேண்டுமென்றே க்ரீமில் விட்டு, 28 நாளில் அவை எவ்வளவு சாகின்றன என்று பார்ப்பார்கள். அது இல்லாமல் விற்பனைக்கு விடாதீர்கள். 40 டிகிரி வெப்பத்தில் மூன்று மாதம் வைத்து நிறம், மணம், பிஎச், கெட்டித்தன்மை பார்ப்பதும் கட்டாயம். வாய் அகன்ற டப்பாவைவிட பம்ப் நல்லது. ஈர விரல் உள்ளே போகாது.

2020-ன் அழகுப் பொருள் விதிகளின்படி விற்பனைக்குச் செய்ய மாநில அதிகாரியிடம் உரிமம் வேண்டும். சொந்த இடம் அந்தத் தரத்துக்கு இல்லையென்றால் உரிமம் உள்ள தொழிற்கூடத்தில் லோன் லைசென்ஸ் எடுத்துச் செய்யலாம். லேபிளில் "தோல் உறுதியாகத் தெரிய உதவும்", "12 வாரம் தொடர்ந்து பயன்படுத்த" என்று எழுதுங்கள். "கொலாஜனை மீட்டெடுக்கும்" என்று எழுத வேண்டாம். ஏற்றுமதி எண்ணம் இருந்தால் இன்னும் கவனம்: அமெரிக்கச் சட்டத்தில் உடலின் அமைப்பையோ செயலையோ மாற்றுவதாகச் சொன்னாலே பொருள் மருந்தாகிவிடும்.

கடைசியாகக் கழுத்து. தனி க்ரீம் வேண்டாம், இதே க்ரீம் போதும். அங்கே எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவு, தோல் மெலிது. சீக்கிரம் வறளும், சீக்கிரம் எரியும். அதனால் பிற்பாடு ரெட்டினால் க்ரீம் ஒன்று கொண்டுவந்தால் கழுத்துக்கு வாரத்தில் இரண்டு இரவு மட்டும் என்று சொல்லி ஆரம்பிக்க வையுங்கள். இந்த க்ரீமுக்கு அந்தக் கட்டுப்பாடு வேண்டாம். முகத்துக்கு எடுப்பதில் பாதி அளவு கூடுதலாக எடுத்து, காறையெலும்பு வரை தடவச் சொல்லுங்கள். சட்டைக் காலரிலும் தாலிக் கயிற்றிலும் ஒட்டாமலிருக்க உடுத்துவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் போடச் சொல்லி பெட்டியிலேயே அச்சடித்துவிடுங்கள். பேஸ் செய்து முன்கைச் சோதனை முடித்ததும், எந்தச் சுற்றில் விரல் பிடிக்கிறது என்று குறித்து எழுதுங்கள். எண்ணெய் விகிதத்தை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று அதை வைத்துச் சொல்கிறேன்.